பார்த்தால் தெரியாத வருத்தம்: கொழும்பில் இளவயதில் அதனோடு வாழ ஒரு வழிகாட்டி

பிரெட்னிசொலோன் குளிசையின் அளவு எனக்கு ஆக அதிகமாக இருந்த மாதத்தில், பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். மருந்தால் முகம் பூசணிக்காய் போல உருண்டிருந்தது. லூபஸ் கொண்டுவரும் சிவப்பு இரண்டு கன்னங்களிலும் படர்ந்திருந்தது. "இப்போதுதான் பிள்ளை சதை பிடித்து, நிறம் வந்து, பார்க்க லட்சணமாக இருக்கிறாய்" என்றார் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. இலையில் இருந்த சோற்றைப் பிசைய என் விரல்கள் மடங்கவில்லை. கரண்டி கேட்டேன். "கொழும்புப் பிள்ளை, கையால் சாப்பிடமாட்டாள்" என்று பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கு 23 வயதில் லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் வருத்தம் அது. இந்த நோய் உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. உங்களுக்கு இருப்பது வேறொன்றாக இருக்கலாம்: முதல் வகை நீரிழிவு, வாதமூட்டழற்சி, வலிப்பு, குடல் அழற்சி, எண்டோமெட்ரியோசிஸ். மருந்து மாறும். வரிசையில் நிற்பதும், லீவு கேட்பதும், "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வியும் மாறாது.

ஊருக்கெல்லாம் இதைத் தெரியப்படுத்த வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வைத்தியரின் மேசை, மருந்து கொடுக்கும் யன்னல், வேலையிடம், வீடு என்ற நான்கு இடங்களில் மட்டும் பிசகில்லாமல் தெரிய வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வேலைதான். குளிசையின் அளவை மட்டும் இதைப் படித்துவிட்டு மாற்றாதீர்கள். அது உங்கள் வைத்தியரோடு பேசவேண்டிய விஷயம்.

முதலாம் படி: பெயரைக் கடதாசியில் வாங்குங்கள்

"ஏதோ மூட்டு வாதம் மாதிரி" என்று வாயால் சொல்லி அனுப்பினால் எழும்பி வராதீர்கள். நோயின் முழுப் பெயர், எந்தப் பரிசோதனையை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள், எந்தெந்த உறுப்பில் இருக்கிறது என்ற மூன்றும் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை பொசிட்டிவ் என்று வந்தால் மட்டும் லூபஸ் ஆகிவிடாது. நோயே இல்லாத பலருக்கும் அது பொசிட்டிவாக வரும். மாறாக, பெயர் கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த படியிலிருந்து தொடங்கலாம். பெயர் இல்லாவிட்டாலும் கோப்பு வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு கோப்பு, ஒரு பக்கம்

கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பு ஒன்று வாங்குங்கள். இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துத் துண்டு எல்லாம் திகதி வரிசையில், புதியது மேலே. ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கொழும்பு மழை பையை நனைத்தபின் மை கரைந்த ரிப்போட்டை வாசிக்க முடியாது. எனக்கு அது ஒருமுறை நடந்தது. அந்தப் பரிசோதனைக்கு இரண்டாவது தடவை பணம் கட்டினேன்.

கோப்பின் முதல் உறையில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். நோயின் பெயர், கண்டுபிடித்த வருடம், இப்போது எடுக்கும் மருந்துகளும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இரத்த வகை, பார்க்கும் விசேட வைத்தியர், வீட்டுத் தொலைபேசி இலக்கம். இதை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் உங்களைப் பார்க்கும் வைத்தியர் தமிழ் தெரியாதவராக இருக்கலாம். அப்போது பேசும் நிலையில் நீங்களும் இல்லாமல் இருக்கலாம். அதன் படத்தைத் தம்பிக்கோ அறைத்தோழிக்கோ அனுப்பி வையுங்கள்.

மூன்றாம் படி: நோவுக்குச் சொல் தேடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். ஏனென்றால் என் சிகிச்சை சில மாதம் பிந்தியதற்கு ஒரு சொல்தான் காரணம்.

காலையில் எழும்பினால் கை விறைப்பாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நம்மிடையே விறைப்பு என்றால் இரண்டு பொருள். பனிக்கட்டியைப் பிடித்தால் உணர்ச்சி இல்லாமல் போவதும் விறைப்பு. மடக்க முடியாமல் இறுகிக் கிடப்பதும் விறைப்பு. எனக்கு இருந்தது இரண்டாவது. வைத்தியரின் காதில் விழுந்தது முதலாவது. நரம்புக்கு விற்றமின் எழுதித் தந்தார்கள். பிறகு ஒரு தாதி, "பிளேன்டீ கோப்பையைப் பிடிக்க முடியுமா?" என்று கேட்டார். "ஒன்பது மணிக்குப் பிறகு முடியும்" என்றேன். அந்த ஒரு பதிலில் கதை மாறியது. காலையில் மூட்டு இறுகி, அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இளகாமல் இருப்பது அழற்சி நோயின் முக்கியமான அடையாளம். அதனால் வைத்தியருக்குப் பெயரை விட நேரத்தைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினேன், எத்தனை மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடிந்தது.

தமிழில் நோவுக்குச் சொற்பஞ்சம் இல்லை. உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, இழுப்பு, கனதி எல்லாம் வேறுவேறு நோவுகள். எது எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். களைப்பைப் பற்றிச் சொல்லும்போது "சரியான களைப்பு" என்றால் எல்லோருக்கும் இருக்கும் களைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். "தலை குளித்தபின் அரை மணி படுக்க வேண்டியிருக்கிறது", "இரண்டாம் மாடிக்கு ஏற நடுவில் ஒருமுறை இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேனை அசையத் தொடங்கும்.

அடுத்தது சிங்களம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. உரிமை இருக்கட்டும், காலை ஆறு மணிக்கு நூறு பேர் நிற்கும் வரிசையில் காரியம் ஆக வேண்டும். எனக்கு உதவிய சொற்கள்: ரிதெனவா என்றால் நோகிறது. இதிமிலா என்றால் வீங்கியிருக்கிறது. ஹிரி வெடெனவா என்றால் மரத்துப்போகிறது. தெவில்ல எரிவு, உண காய்ச்சல், மஹன்சியி என்றால் களைப்பாக இருக்கிறது. "உதேட்ட அத நவன்ன பே" என்றால் காலையில் கை மடக்க முடியாது. பாருங்கள், அந்த மொழியில் மரத்துப்போவதற்கும் மடக்க முடியாததற்கும் குழப்பமே வரவில்லை. தமிழில் சொன்னதை விடச் சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது என் கை சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பது எனக்கு இன்றும் சிரிப்பான விஷயம்.

நான்காம் படி: அரச கிளினிக்கையும் சனலிங்கையும் சேர்த்து ஓட்டுங்கள்

சனலிங் என்பது தனியார் நிலையத்தில் பணம் கட்டி விசேட வைத்தியரைப் பார்ப்பது. வாழ்நாள் முழுவதும் தொடரும் வருத்தத்தை அதில் மட்டும் கொண்டுபோக முடியும் என்று நினைப்பவர்கள் முதல் வருடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வைத்தியருக்கு, நிலையத்துக்கு, பரிசோதனைக்கு, மருந்துக்கு என்று நான்கு இடத்தில் பணம் போகும். அரச வைத்தியசாலையில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். பெரும்பாலான விசேட வைத்தியர்கள் பகலில் அரச வைத்தியசாலையிலும் மாலையில் தனியார் நிலையத்திலும் பார்ப்பார்கள். முதல் தடவை சனல் பண்ணி ஆறுதலாகப் பேசிவிட்டு, "உங்கள் கிளினிக்குக்கு வரலாமா? ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அவர்களிடம் இதை நாள்தோறும் பலர் கேட்கிறார்கள்.

கொழும்புக்குள் தேசிய வைத்தியசாலை, தெற்கே களுபோவிலை, வடக்கே றாகமை. வீட்டுக்கு அருகில் எது என்பதோடு உங்கள் நோய்க்குரிய விசேட கிளினிக் எங்கே, எந்தக் கிழமையில் என்பதையும் விசாரியுங்கள். றாகமையில் வாத நோய்க்கென்றே தனி வைத்தியசாலை இருக்கிறது.

கிளினிக் நாளுக்கு நான் போகும் விதம் இது. முதல் நாள் இரவே கோப்பு, கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், இரண்டு பணிஸ், மெல்லிய சால்வை எல்லாம் பையில் ஏறிவிடும். இரத்தப் பரிசோதனைகளை நான்கைந்து நாட்களுக்கு முன்பே செய்து ரிப்போட்டைக் கையில் வைத்திருப்பேன். இல்லாவிட்டால் ரிப்போட்டைக் காட்டவே இன்னொரு நாள் போக வேண்டும். காலைக் குளிசையைத் தவறவிடமாட்டேன். வெறும் வயிற்றோடு நிற்பதில்லை. வரிசையில் நிற்க முடியாத நாளில், தாதியிடம் கொப்பியைக் காட்டி "எனக்கு நிற்க ஏலாது, இருந்துகொண்டு காத்திருக்கலாமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு கதிரை கிடைக்கும். ஒருமுறை, "இந்த வயதில் என்ன நிற்க முடியாதது?" என்று கேட்டார்கள். கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், வாய் திறக்கவில்லை. கதிரை வந்தது.

வைத்தியரின் முன் கிடைப்பது சில நிமிடங்கள். மூன்று கேள்விக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். மிக முக்கியமானதை முதலில் கேளுங்கள். கதவருகே நின்று "இன்னொன்று டொக்டர்" என்று சொல்லும் விஷயம்தான் எப்போதும் ஆகப் பெரியதாக இருக்கும்.

மருந்து உள்ளே இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு தரும் நாட்கள் வரும். 2022இல் டொலர் இல்லாமல் நாடே திணறியபோது அந்தத் துண்டுகள் மலிந்தன; வெளியிலும் மருந்து இல்லை. அன்றிலிருந்து என் பழக்கம், கையில் எப்போதும் மூன்று நான்கு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அதற்காகப் பெட்டி பெட்டியாகக் குவிக்க வேண்டாம், அது இன்னொருவரின் மாத மருந்து. துண்டில் மருந்தின் மூலப்பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூலப்பெயர் தெரிந்தால் ஒரு கம்பனியின் குளிசை இல்லாதபோது இன்னொன்றை வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். வர்த்தகப் பெயருக்குப் பதில் மூலப்பெயரில் மருந்து வாங்கும் கொள்கைக்காகப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய முயற்சி. அதன் கடைதான் ஒசுசல. தனியார் கடைகளில் தேடி அலைவதற்கு முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: குளிசைகளின் குணம் அறிந்து நடவுங்கள்

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரோயிட்டைக் காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்வார்கள். மாலையில் எடுத்தால் நித்திரை ஓடிவிடும். சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தானே சுரக்கும் ஸ்டெரோயிட்டைக் குறைத்துவிட்டிருக்கும், மயங்கி விழலாம். முகம் உருளுகிறதே என்று ஒரு கலியாணத்துக்காக இரண்டு வாரம் நிறுத்திய பெண்ணை எனக்குத் தெரியும். கலியாண நாளன்று அவள் வார்ட்டில் இருந்தாள்.

மெதொட்ரெக்சேட் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசை, வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது. நாளுக்கு ஒன்று என்று தவறி எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைத் துண்டிலும் பெட்டியிலும் எழுதி வையுங்கள். என்னோடு கிளினிக்கில் சந்திக்கும் ஓர் அக்கா கோயிலுக்குப் போகும் கிழமையைத் தெரிவு செய்திருக்கிறார், மறக்கவே மறக்காதாம். கர்ப்பமாகும் எண்ணம் இருப்பவர்கள் அந்த மருந்தை எடுக்கக்கூடாது. முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

லூபஸுக்குத் தரும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மெதுவாக வேலை செய்யும். பலன் தெரியச் சில வாரமோ சில மாதமோ ஆகும். "ஒன்றும் செய்யவில்லை" என்று ஒரு மாதத்தில் விடாதீர்கள். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அரிதாக விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்கும்போதும் பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியிலும் கண் பரிசோதனை வேண்டும். 2020இல் கொரோனாவுக்கு நல்லது என்று உலகமே இந்தக் குளிசையைத் தேடி ஓடியபோது, அதை நம்பி இருந்த லூபஸ்காரர்கள் பல நாடுகளில் அது கிடைக்காமல் தவித்தார்கள்.

இன்சுலின் போல 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்கவேண்டிய மருந்து உள்ளவர்கள் மின்வெட்டை யோசிக்க வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. முதல் வகை நீரிழிவுள்ள என் தோழி அப்போது ஈரமணலுக்குள் மண்பானை வைத்து, அதற்குள் இன்சுலினைப் பாதுகாத்தாள். நீர் ஆவியாகும்போது பானை குளிரும். குளிர்சாதனப் பெட்டியின் வேலையை அது முழுதாகச் செய்யாது. சூடு ஏறாமல் காப்பாற்றும்.

உறவினர் கொண்டுவரும் கசாயம், லேகியம் பற்றி. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தோடு எனக்குச் சண்டையில்லை. பெயரும் பதிவும் இல்லாத பொடியோடு சண்டை உண்டு; அப்படிப்பட்டவற்றில் ஸ்டெரோயிட்டும் பாரஉலோகமும் கலந்திருந்தது வெவ்வேறு நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எதை எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று மாமி ஒரு போத்தல் தந்தபோது, "மாமி, எனக்கு அது கூடித்தான் இந்த நிலை" என்றேன். கொத்தமல்லிக் குடிநீரை மட்டும் வாங்கிக் குடித்தேன். அது ருசி.

ஆறாம் படி: காய்ச்சல் வந்தால்

கொழும்பில் காய்ச்சல் என்றாலே டெங்குவை நினைக்க வேண்டும், அதிலும் தென்மேல் பருவமழை தொடங்கியபின் வரும் யூன், யூலை மாதங்களில். டெங்குவில் இரத்தத் தட்டுக்கள் குறையும். லூபஸ் தலைதூக்கினாலும் குறையலாம். எது எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் "மூன்று நாள் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. அன்றே வைத்தியரைப் பார்த்து முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். மூட்டு நோவுக்கு வீட்டில் வைத்திருக்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் வகைகளை அந்த நாட்களில் தொடவே வேண்டாம். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

நெஞ்சு நோவு, மூச்சு முட்டல், வலிப்பு, திடீர்க் குழப்பம் என்றால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிறுநீர் நுரைத்துப் போவதும் கால் வீங்குவதும் சத்தமில்லாமல் வரும், நோவு இருக்காது. சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம், அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்காதீர்கள்.

ஏழாம் படி: வெயிலும் பஸ்ஸும் வாரப் பங்கீடும்

லூபஸ்காரருக்கு வெயில் ஆகாது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. வருடம் முழுவதும் வெயில்தான். எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட கிறீம், நீண்ட கை, குடை. இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று: காலி வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் போகும்போது சூரியன் வலப்பக்கம். மாலையில் திரும்பி வரும்போது சூரியன் மேற்கே இறங்கியிருக்கும், அப்போதும் உங்களுக்கு வலப்பக்கம். ஆகவே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினாலும் 101இல் ஏறினாலும் இரண்டு நேரமும் இடப்பக்க இருக்கையில் இருங்கள். யன்னல் கண்ணாடி வெயிலின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். ரயிலில் காலையில் கடற்பக்கம் நிழல், மாலையில் கடற்பக்கம் நெருப்பு; அலை அழகாகத்தான் இருக்கும், மறுபக்கம் போய் இருங்கள்.

இருக்கை கிடைக்காத நாளில்? கேளுங்கள். "எனக்கு வருத்தம், கொஞ்ச நேரம் இருக்க இடம் தருவீர்களா?" என்று ஒருவரின் கண்ணைப் பார்த்துக் கேட்டால் பத்தில் எட்டுத் தடவை எனக்குக் கிடைத்திருக்கிறது. பொதுவாகப் பஸ்ஸைப் பார்த்துக் கேட்டால் எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

பலத்தைப் பங்கிடும் விதத்தை எனக்குக் கற்றுத்தந்தது 2022 எரிபொருள் கியூஆர் அட்டை. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அதற்குள் அலுவலகம், கடை, வைத்தியசாலை எல்லாம் அடங்க வேண்டும். புதன்கிழமை ஊர் சுற்றினால் வெள்ளிக்கிழமை உருட்டிக்கொண்டு வர வேண்டும். என் உடம்புக்கும் ஒரு வார அளவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். கொப்பியில் ஞாயிறு இரவு எழுதுவேன்: இந்த வாரம் கிளினிக், மாதமுடிவுக் கணக்கு, ஒரு பிறந்தநாள். மூன்றும் பெரியவை. அப்படியானால் உடுப்புத் தோய்ப்பது தம்பியின் பாடு, சமையலுக்குப் பதில் இரண்டு நாள் கடை இடியப்பம். நல்ல நாள் வந்தால்தான் ஆபத்து. உடம்பு இலேசாக இருக்கிறதே என்று அலுமாரி முழுவதையும் இறக்கி அடுக்கிவிட்டு மூன்று நாள் படுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நல்ல நாளில் வேலையை இருக்கும் பலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துவது, கற்றுக்கொள்ள எனக்கு ஆக நீண்ட காலம் எடுத்த பாடம். இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.

எட்டாம் படி: வேலையிடத்தில் சொல்வது

நேர்முகப் பரீட்சையில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பது என் கருத்து. மருத்துவப் படிவத்தில் நேராகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள். காப்புறுதிப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். மறைத்தால், பின்னர் பணம் கேட்கும் நேரத்தில் அதைக் காட்டியே மறுப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல காப்புறுதிகள் பணம் தருவதில்லை. அலுவலகக் கூட்டுக் காப்புறுதியில் சிலவேளை தருவார்கள், நிபந்தனையை வாசியுங்கள்.

லீவுக் கணக்கைத் தெரிந்து வைத்திருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு 7 நாள் அமய லீவு. சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சேர்த்து அந்த ஏழுதான். முதல் வருடத்தில் ஒவ்வோர் இரண்டு மாதச் சேவைக்கும் ஒரு நாள். அதற்கு மேல், இரண்டாம் வருடத்திலிருந்து வருடாந்த லீவு 14 நாள். மாதம் ஒரு கிளினிக் என்றாலே பன்னிரண்டு நாள். சட்டம் நம்மை நினைத்து எழுதப்படவில்லை. ஆகவே முகாமையாளரிடம் நோயைப் பற்றிப் பேசுவதை விட ஏற்பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

நான் சொன்னது ஏறத்தாழ இப்படி: "மிஸ், எனக்கு நீண்டகால வருத்தம் ஒன்று இருக்கிறது. மருந்து எடுக்கிறேன். மாதத்தில் ஒரு செவ்வாய் கிளினிக், அன்று பன்னிரண்டு மணிக்கு வருவேன், விட்ட வேலையை அந்த வாரத்திலேயே முடிப்பேன். கடிதம் கொண்டுவந்திருக்கிறேன்." அனுதாபத்துக்கு இடமே விடவில்லை. திகதியும் கடிதமும் இருந்ததால் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. இதற்கு முன் வேலை செய்த ஓரிடத்தில் நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த மாதம் என்னைக் கேட்காமலே இலேசான வேலைக்கு மாற்றி, பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சக ஊழியர்களில் ஒருவருக்கு மட்டும், மயங்கினால் யாரை அழைப்பது, கோப்பு எந்த இலாச்சியில் என்று சொல்லி வையுங்கள்.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் வைத்தியச் சான்றிதழை எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைப் பரீட்சைக்கு முன்பே விசாரியுங்கள். வருத்தம் வந்தபின் விதி தேட முடியாது.

ஒன்பதாம் படி: வீடும் சொந்தமும் கலியாணப் பேச்சும்

எங்கள் வீட்டில் முதல் விதி, "ஒருவருக்கும் சொல்லாதே." அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் தும்மினால் அடுத்த ஒழுங்கையில் கசாயம் கொதிக்கும். பெண்பிள்ளையின் வருத்தம் வெளியே போனால் பேச்சு வராது என்ற பயம் அவருக்கு. ஆனால் ஒளிப்பதற்கும் பலம் செலவாகிறது. விருந்தாளி வந்தால் குளிசைப் பெட்டியை மறைக்க ஓடுவதும், குளியலறையில் போய் விழுங்குவதும் வாரப் பங்கீட்டில் அடங்காத செலவு.

நாங்கள் கண்ட சமரசம் இது. யார் யாருக்குச் சொல்வது என்பதை நான் முடிவு செய்வேன், அம்மா எனக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. "அவளுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, மருந்து எடுக்கிறாள், மற்றதை அவளிடமே கேளுங்கள்" என்பது அவருடைய பதில். முதலில் வாயில் வரவில்லை. மூன்றாவது மாமியிடம் சொல்லும்போது பழகிவிட்டது. யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை.

விரதங்களைப் பற்றியும் வீட்டில் பேச வேண்டியிருந்தது. வெறும் வயிற்றில் ஸ்டெரோயிட் எடுத்து ஒரு கந்தசஷ்டியில் வயிறு எரிந்து துடித்தேன். இப்போது காலையில் பாலும் பழமும் எடுத்து, குளிசையும் எடுத்து, மரக்கறியோடு விரதம் பிடிக்கிறேன். முருகன் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

கலியாணப் பேச்சில் எப்போது சொல்வது? சாதகம் பொருந்திய உடனே சொல்ல வேண்டியதில்லை. பதிவுத் திருமணத் திகதி வரை வைத்திருக்கவும் கூடாது. நேரில் இரண்டு மூன்று முறை பேசி, இவரோடு போகலாம் என்று மனம் சொல்லும் கட்டத்தில், பெற்றோர் வழியாக அனுப்பாமல் நீங்களே சொல்லுங்கள். நோயின் பெயர், மருந்து, பிள்ளை பெறுவது பற்றி வைத்தியர் சொன்னது. கடைசியில் சொன்னதுதான் கட்டாயம் கேட்பார்கள். லூபஸ் உள்ள பெரும்பாலான பெண்கள் பிள்ளை பெற முடியும். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், கூடாத மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும், திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஹைட்ரொக்சிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடரச் சொல்வார்கள். கருத்தடைக்கும் வைத்தியரைக் கேட்காமல் கடையில் குளிசை வாங்காதீர்கள். ஈஸ்திரோஜன் உள்ளவை சிலருக்கு இரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும்.

நான் சொன்ன முதல் ஆள், "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஆள் கேட்டது ஒரே கேள்வி: "அப்படியென்றால் கடற்கரைக்குப் போக முடியாதா?" ஆறு மணிக்குப் பிறகு போகலாம் என்றேன்.

பத்தாம் படி: மனம் விழும் நாட்கள்

ஸ்டெரோயிட்டே மனநிலையைக் குழப்பும். நித்திரையின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதுவும் ஒரு பக்கவிளைவுதான். இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் 1926. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம். நான் ஒருமுறை அழைத்தேன். பேசியவர் என்னைத் தேற்ற முயலவில்லை. இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போய்ப் பாண் துண்டில் சம்பல் பூசினேன்.